ஜான் டீக்கனின் பேஸ்: குயீன் பாடல்களைக் கீழிருந்து கேட்பதும் வாசிப்பதும்

1985 ஜூலை 13 அன்று லண்டன் வெம்ப்ளி அரங்கில் நடந்த லைவ் எய்ட் நிதி திரட்டும் நிகழ்ச்சியில் பிரிட்டிஷ் ராக் குழுவான குயீன் ஆறு பாடல்கள் வாசித்தது. ராக் மேடையின் உச்சம் என்று இன்றும் பேசப்படும் அந்த இருபது நிமிடத்தில் பேஸ் கிட்டாரிஸ்ட் ஜான் டீக்கன் எழுதிய பாடல் ஒன்றுகூட இல்லை. ஆனால் அமெரிக்காவில் குயீன் முதலிடம் பிடித்த இரண்டு பாடல்களில் ஒன்று அவர் தனியாக எழுதியது: 1980-இல் வந்த ‘அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்’. ‘யூ ஆர் மை பெஸ்ட் ஃப்ரெண்ட்’, ‘ஸ்ப்ரெட் யுவர் விங்ஸ்’, ‘ஐ வான்ட் டு பிரேக் ஃப்ரீ’ மூன்றும் அவருடையவைதான். ஃப்ரெடி மெர்க்குரியின் குரலும் பிரையன் மேயின் கிட்டாரும் காதை முழுவதுமாகப் பிடித்துக்கொள்வதால் டீக்கன் பெயர் கடைசியாகத்தான் நினைவுக்கு வருகிறது.

அவர் பேஸைக் காதால் பிரித்தெடுப்பது, விரலுக்குக் கொண்டுவருவது, வீட்டில் பதிவு செய்வது ஆகிய மூன்றையும் இந்த வழிகாட்டி சொல்கிறது. டீக்கனின் பெரிய பங்களிப்பு ஒரு நோட்டை எங்கே நிறுத்துவது, எங்கே வாசிக்காமல் விடுவது என்ற முடிவில் இருக்கிறது. அதை எழுத்தில் படித்தால் பாதிதான் புரியும். விரலில் செய்து பார்க்கும்போது மீதியும் விளங்கிவிடும்.

கேட்பதற்கான ஏற்பாடு

மொபைல் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு ‘பேஸே கேட்கவில்லை’ என்று சொல்வதில் பொருளில்லை. பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த ஈ தந்தி எழுப்பும் அடிப்படை அதிர்வு 41 ஹெர்ட்ஸ். அடுத்தடுத்த தந்திகளான ஏ 55, டி 73, ஜி 98 ஹெர்ட்ஸ். மொபைலின் சின்ன ஸ்பீக்கர் இந்த எல்லையை எழுப்பவே எழுப்பாது. அதில் நமக்குக் கேட்பது மேல் அதிர்வுகள் மட்டும். நோட்டின் பெயரை ஊகிக்க அது போதும், நோட் எங்கே முடிகிறது என்று பிடிக்கப் போதாது. டீக்கன் விஷயத்தில் நமக்குத் தேவைப்படுவது அந்த முடிவுதான்.

காதை முழுக்க மூடும் ஹெட்போன் நல்லது. ரப்பர் முனை உள்ள இயர்போன் என்றால் முனை காதில் இடைவெளியின்றிப் பொருந்தியிருக்க வேண்டும். பொருந்தாவிட்டால் தாழ்ந்த ஒலி அந்த இடைவெளி வழியே கசிந்துவிடும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் சரி. கேட்கும் செயலியில் ‘பேஸ் பூஸ்ட்’ இருந்தால் அணைத்துவிடுங்கள். அது கிக் டிரம்மையும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) பேஸையும் ஒன்றாக ஊதிவிடும், இரண்டையும் பிரிக்கவே முடியாமல் போகும்.

பேஸ் தனியாகத் தெரிய ஒரு நல்ல வழி உண்டு. உங்களிடம் உள்ள பாட்டுக் கோப்பை ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் திறந்து சுருதியை 12 செமிடோன், அதாவது ஒரு ஆக்டேவ், மேலே ஏற்றுங்கள். வேகத்தை மாற்றாதீர்கள். குரல் அணில் கத்துவதுபோல ஆகிவிடும், அதைக் கண்டுகொள்ள வேண்டாம். காதுக்குப் பழக்கமில்லாத ஆழத்தில் இருந்த பேஸ் இப்போது சாதாரண கிட்டாரின் எல்லைக்கு வந்து, ஒவ்வொரு நோட்டும் துலக்கமாகத் தெரியும். கடினமான இடங்களுக்கு வேகத்தை 75 சதவீதமாகக் குறைக்கலாம். 50 சதவீதத்துக்குக் கீழே போனால் நோட்டின் தொடக்கம் குழம்பிவிடும்.

குரல், டிரம்ஸ், பேஸ் என்று பிரித்துக் கொடுக்கும் செயலிகளும் இப்போது இருக்கின்றன. நோட்டுகளைக் கண்டுபிடிக்க அவை உதவும். ஆனால் கிக் டிரம்மின் வால் பேஸ் பக்கம் ஒட்டிக்கொண்டு வரும். பேஸின் சின்ன மௌனங்களை அது நிரப்பிவிடும். எனவே நோட்டின் நீளத்தை மட்டும் எப்போதும் அசல் பதிவில்தான் சரிபார்க்க வேண்டும்.

முதல் பயிற்சிக்குப் பேஸ் கிட்டாரே வேண்டாம். 1977-இல் வந்த ‘நியூஸ் ஆஃப் த வேர்ல்ட்’ ஆல்பத்தின் முதல் இரண்டு பாடல்களைத் தொடர்ந்து கேளுங்கள். முதலாவதான ‘வீ வில் ராக் யூ’ காலால் உதைத்துக் கைதட்டும் ஒலியின் மேல் நிற்கிறது. அதில் பேஸ் கிடையாது. அடுத்து ‘வீ ஆர் த சாம்பியன்ஸ்’ தொடங்குகிறது: 6/8 தாளம், சி மைனரில் சரணம், எஃப் மேஜரில் பல்லவி. பேஸ் இல்லாத இரண்டு நிமிடத்துக்குப் பிறகு அது வருவதால், தரை எந்த இடத்தில் உருவாகிறது என்பது காதுக்கு உடனே தெரியும். பேஸ் முதலில் எங்கே நுழைகிறது, பல்லவிக்குப் போகும் முன் எந்த நோட்டுகளில் ஏறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை பேஸ் போகும் வழியை மட்டும் வாயால் பாடிப் பாருங்கள். பாட முடியாத இடம் எதுவோ, அதை நீங்கள் இன்னும் கேட்கவில்லை என்று அர்த்தம்.

கருவி

டீக்கன் அதிகம் வாசித்தது ஃபெண்டர் பிரசிஷன் பேஸ். அந்த வகைப் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பகுதி) உள்ள எந்த நான்கு தந்திப் பேஸும் இதற்குப் போதும். ஜாஸ் பேஸ் வகை என்றால் இரண்டு பிக்கப்பையும் முழுதாகத் திறந்து டோன் குமிழைப் பாதிக்கு இறக்குங்கள், அருகில் வந்துவிடும்.

தந்தி 45, 65, 85, 105 என்ற வழக்கமான தடிமன் போதும். 12-ஆம் ஃப்ரெட்டில் (ஃப்ரெட் என்பது கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கம்பி) ஈ தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே 2 முதல் 2.5 மில்லிமீட்டர் இருக்கட்டும். இதைவிடத் தாழ்ந்தால் திறந்த ஈ தந்தியை அழுத்தி மீட்டும்போது ஃப்ரெட்டில் உரசிச் சலசலக்கும். இங்கே நாம் அதிகம் மீட்டப்போவது அந்தத் தந்தியைத்தான். வாங்கியபடியே செட்டப் செய்யாமல் வாசிக்கும் பேஸ்களில் கழுத்து வளைந்து 12-ஆம் ஃப்ரெட்டில் 3.5 மில்லிமீட்டருக்கு மேல் நிற்பதும் உண்டு. அதில் பழகினால் கை வலிக்கும், சுருதியும் மேலே நழுவும். கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உட்கம்பியான டிரஸ் ராடை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். திருப்பிய பிறகு கழுத்து நிலைகொள்ள நேரம் கொடுத்து மறுபடி அளந்து பாருங்கள்.

பழைய டேப் பதிவுகள் எல்லாமே ஏ 440 சுருதியில் துல்லியமாக நிற்பதில்லை. டேப் ஓடிய வேகத்தைப் பொறுத்து நூலிழை மேலேயோ கீழேயோ இருக்கும். டியூனரில் சரியாக இருந்தும் பாட்டோடு ஒட்டவில்லை என்றால் பேஸைப் பதிவின் சுருதிக்குத் திருப்புங்கள். பிழை உங்கள் காதில் இல்லை.

‘அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்’

இந்த ஒரு ரிஃப்பில், அதாவது திரும்பத் திரும்ப வரும் இந்தச் சின்ன வரியில், டீக்கனின் கலை முழுவதும் இருக்கிறது. அதனால் இங்கே நிதானமாகப் போகலாம்.

1979-இல் சிக் குழுவின் ‘குட் டைம்ஸ்’ பாட்டில் பெர்னார்ட் எட்வர்ட்ஸ் வாசித்த பேஸ் டிஸ்கோ உலகையே ஆட்டிவைத்தது. அந்தத் தாக்கம் இங்கே வெளிப்படையாகத் தெரிகிறது. மியூனிக் நகரின் மியூசிக்லேண்ட் ஸ்டுடியோவில் பதிவானது இந்தப் பாட்டு. குயீனின் டிரம்மர் ரோஜர் டெய்லரின் வாசிப்பை ஒரு துண்டு டேப்பில் எடுத்து அதையே சுழலவிட்டார்கள். அதனால் டிரம்ஸ் மூச்சு விடாமல் ஒரே சீராக ஓடுகிறது. பேஸோடு ரிதம் கிட்டாரும் டீக்கனே வாசித்தார். டிரம்ஸ் அசையாமல் நிற்கும்போது பாட்டுக்கு அசைவு தருகிற பொறுப்பு முழுக்கப் பேஸின் மேல் விழுகிறது.

ஈ மைனர். வேகம் நிமிடத்துக்குச் சுமார் 110 அடி. நோட்டுகள் எல்லாம் ஈ தந்தியிலேயே: திறந்த தந்தி ஈ, 3-ஆம் ஃப்ரெட் ஜி, 5-ஆம் ஃப்ரெட் ஏ. வேறு ஒரு நோட்டும் வேண்டாம்.

அமைப்பு இப்படி: முன்னோட்டமாக ஏ, ஜி என்று இரண்டு சின்ன நோட்டுகள் கீழே இறங்கி வருகின்றன. பிறகு ஈ, ஈ, ஈ என்று முதல் மூன்று அடிகளிலும் ஒவ்வொன்று. நான்காம் அடியில் வெற்றிடம். அதைத் தொடர்ந்து ஈ, ஈ, ஈ, ஜி, ஈ, ஏ. பாட்டின் தலைப்பை மெர்க்குரி பாடும் வேகத்தில் சொல்லிப் பார்த்தால் ‘பைட்ஸ்’ ஜி-யிலும் ‘த’ ஈ-யிலும் ‘டஸ்ட்’ ஏ-யிலும் விழும். இந்தத் தாளத்தைத் தாளில் எழுதிப் படிப்பதைவிட வாயால் பாடிக்கொண்டே வாசிப்பது எளிது, பிழையும் வராது.

நோட்டுகளை ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடலாம். நாள்கணக்கில் வேலை வாங்குவது நோட்டின் நீளம். 110 வேகத்தில் ஓர் அடி 545 மில்லிசெகண்ட். முதல் மூன்று ஈ-யும் ஏறக்குறைய அதில் பாதிதான் ஒலிக்க வேண்டும், மீதிப் பாதி மௌனம். திறந்த தந்தி தானாக நிற்காது, நிறுத்தியாக வேண்டும். அதற்கு இரண்டு கையும் உழைக்க வேண்டும்.

இடது கையின் நடுவிரலையும் மோதிர விரலையும் ஈ தந்தியின் மேல், 4 முதல் 7-ஆம் ஃப்ரெட் வரையுள்ள பகுதியில் படியவிடுங்கள். அழுத்த வேண்டாம், தொட்டால் போதும். ஒரே ஒரு விரலால் 5-ஆம் அல்லது 7-ஆம் ஃப்ரெட்டின் நேர்மேலே தொட்டால் மணி அடிப்பதுபோல ஹார்மானிக் ஒலி கிளம்பும். அதனால்தான் இரண்டு விரல். வலது கையில் அடுத்து மீட்டப்போகும் விரல் தந்தியில் முன்கூட்டியே வந்து அமரட்டும். அதுவும் ஒலியை வெட்டும். வலது கட்டைவிரல் பிக்கப்பின் மேல் ஊன்றியிருக்கும். ஏ, டி தந்திகள் தாமாக அதிர்ந்து முனகாமல் இருக்க இடது ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி அவற்றை லேசாகத் தொட்டபடி இருக்க வேண்டும்.

மெட்ரோனோமை (சீராக டிக் என்று ஒலித்து வேகம் காட்டும் கருவி) 70-இல் வையுங்கள். மூன்று ஈ, ஒரு மௌனம், இது மட்டும் இரண்டு நிமிடம். மெட்ரோனோம் டிக் என்னும்போது நோட் தொடங்கி, அடுத்த டிக்குக்குச் சரிபாதியில் அறுபட வேண்டும். பிடிபட்டதும் 80, 90, 100, 110 என்று ஏற்றுங்கள். 110-இல் வசதியாக வந்ததும் மெட்ரோனோமைப் பாதியாக, 55-க்கு இறக்கி, அந்த டிக் இரண்டாம் நான்காம் அடிகளில் விழுவதாக நினைத்து வாசியுங்கள். இதில்தான் பலர் கழன்றுபோவார்கள். நான்காம் அடியில் டிக் மட்டும் கேட்கும், நீங்கள் சும்மா இருப்பீர்கள். அந்த இடத்தை அவசரமாகக் கடந்து அடுத்த ஈ-யை முந்தி வாசித்துவிடுவதுதான் இந்த ரிஃப்பில் எல்லாருக்கும் வரும் பிழை. அந்த மௌனத்தில் வாய்க்குள் ‘தகதிமி’ என்று ஒரு முறை முழுதாகச் சொல்லிவிடுங்கள், முந்த மாட்டீர்கள்.

இன்னொரு பிழை, எல்லா நோட்டையும் ஒரே பலத்தில் மீட்டுவது. முதல் ஈ-யும் கடைசி ஏ-யும் தூக்கலாக வர வேண்டும். நடுவில் வரும் ஈ-க்கள் ஒரு படி அடங்கியிருக்கும். கடைசி ஏ-யை மற்றவற்றைவிடச் சற்றே நீளமாகப் பிடித்துப் பாருங்கள், வாக்கியம் முடிந்த உணர்வு உடனே வரும்.

‘ஆர் யூ ரெடி’ என்று தொடங்கும் பகுதியில் ரிஃப் விலகி சி, ஜி பக்கம் நகர்கிறது. திரும்பி ஈ-க்கு வரும்போது அந்தப் பழைய மூன்று அடியும் புதிதாக ஒலிக்கும். அந்த விலகல் மட்டும் இல்லாவிட்டால் மூன்றரை நிமிடமும் ஒரே ரிஃப்பைக் கேட்பது சலித்துவிடும். பாட்டை எழுதியவரே பேஸும் வாசிக்கும்போது எப்போது விலக வேண்டும் என்பது சரியாக அமைந்துவிடுகிறது.

‘அண்டர் பிரஷர்’

1981-இல் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோ நகரில், மௌன்டன் ஸ்டுடியோவில் பாடகர் டேவிட் போவியோடு சேர்ந்து உருவான பாட்டு. எழுதியவர்களாக ஐந்து பேர் பெயரும் இருக்கிறது. பேஸ் வரி ஏழே நோட்டு: ஆறு டி, ஒரு ஏ.

ஓர் அடியைத் த-க-தி-மி என்று நான்கு சம பாகமாக்கி வைத்தால் தெளிவாகப் புரியும். முதல் அடியில் ‘த’-வில் ஒரு டி, ‘தி’-யில் ஒரு டி. இரண்டாம் அடியில் ‘த’-வில் ஒன்று, ‘தி’, ‘மி’ இரண்டிலும் ஒவ்வொன்று. மூன்றாம் அடியில் ‘த’-வில் டி, ‘தி’-யில் கீழே இறங்கி ஏ. நான்காம் அடி காலி. சுமார் 114 வேகம்.

டி-யை ஏ தந்தியின் 5-ஆம் ஃப்ரெட்டில் பிடியுங்கள், ஏ-யை ஈ தந்தியின் 5-ஆம் ஃப்ரெட்டில். இரண்டும் ஒரே ஃப்ரெட் என்பதால் மோதிர விரலைத் தூக்காமல் நுனியிலிருந்து அதன் சதைப்பகுதிக்கு உருட்டினால் போதும். தூக்கி வைத்தால் இரண்டுக்கும் நடுவே ஓட்டை விழும். இரண்டு தந்தியையும் சேர்த்துப் பட்டையாக அழுத்திவிட்டால் இரண்டு நோட்டும் கலந்து மங்கிவிடும். உருட்டும்போது டி அடங்கி ஏ எழ வேண்டும். திறந்த டி, ஏ தந்திகளில் வாசிப்பது எளிதுதான், ஆனால் நான்காம் அடியின் மௌனத்தைக் காப்பாற்றுவது இரட்டிப்பு வேலை.

அடுத்தடுத்து வரும் அந்த ‘திமி’ இரண்டும் ஆள்காட்டி, நடுவிரல் என்று மாறி மாறி வரட்டும். ஒரே விரலால் இழுத்தால் இரண்டாவது நோட் தாமதித்து வரி சறுக்கும். மெட்ரோனோம் 72-இல் தொடங்கி நான்கு நான்காக ஏற்றுங்கள். நான்காம் அடியில் ஒரு டி-யைக் கூடுதலாக நுழைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நுழைத்தால் 1990-இல் வந்த வனிலா ஐஸின் ‘ஐஸ் ஐஸ் பேபி’ போலக் கேட்கும். மேடையில் வாசிக்கும்போது கூட்டம் அந்தப் பாட்டைப் பாடத் தொடங்கிவிடும்.

தொடக்கத்தில் பியானோ மேலே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகளின் தொகுப்பு) மாற்றிக்கொண்டே போகும்போதும் பேஸ் தன் டி-யை விட்டு நகர்வதில்லை. ஒரே வரி அடியில் நிற்க, மேலே எல்லாம் மாறும்போது ஒரு பதற்றம் எழுகிறது. தலைப்பு சொல்லும் அழுத்தத்தைக் குரல் வருமுன்பே பேஸ் கொண்டுவந்துவிடுகிறது. இதே உத்தியை டீக்கன் ஆறு ஆண்டுகளுக்கு முன்பே வேறு மனநிலைக்குப் பயன்படுத்தியிருந்தார்.

ஒரே நோட்டில் நிற்பது

1975-இன் ‘யூ ஆர் மை பெஸ்ட் ஃப்ரெண்ட்’ சி மேஜர். அதில் ஒலிக்கும் வர்லிட்சர் எலெக்ட்ரிக் பியானோவை வாசித்தவரும் டீக்கன்தான். மெர்க்குரிக்கு அந்தக் கருவி பிடிக்கவில்லை, அவர் சாதாரண பியானோவையே விரும்பினார். டீக்கன் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழகி, அதிலேயே இந்தப் பாட்டை உருவாக்கினார். தொடக்கத்தில் பியானோ கார்டுகள் மாற, அடியில் சி அப்படியே நிற்கிறது. ‘அண்டர் பிரஷரில்’ பதற்றம் தந்த அதே உத்தி இங்கே இதமாகிவிடுகிறது, நோட்டுகள் நீளமாக, ஓசை வட்டமாக இருப்பதால்.

இதை உணர ஒரு சின்னப் பயிற்சி. நண்பர் ஒருவர் கிட்டாரிலோ கீபோர்டிலோ சி, எஃப், ஜி, எஃப் என்று ஒரு பாருக்கு, அதாவது நான்கு அடிக்கு, ஒரு கார்டு வாசிக்கட்டும். நீங்கள் ஏ தந்தியின் 3-ஆம் ஃப்ரெட்டில் சி-யை மட்டும் பிடியுங்கள். எஃப் கார்டில் சி இயல்பாக அமரும், அது அந்தக் கார்டிலேயே உள்ள நோட். ஜி வரும்போது மட்டும் உரசும். அந்த உரசலில் பயந்து ஜி-க்கு ஓடிவிடாதீர்கள். அடுத்த எஃப்-இல் அது கரைவதைக் கேளுங்கள். பிறகு அதே வரிசையைக் கார்டுக்குக் கார்டு பேஸும் மாறி வாசித்துப் பாருங்கள். இரண்டாவது முறையில் பாட்டு நடக்கிறது, முதல் முறையில் மிதக்கிறது. எது எந்த இடத்துக்கு வேண்டும் என்று தேர்வதுதான் பேஸ் வாசிப்பவரின் முடிவு. மற்ற எல்லாரும் ஒரு நோட்டைக்கூட மாற்றாமல் இருக்கும்போது பாட்டின் முகத்தையே மாற்றக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

இங்கே அடிக்கடி கெட்டுப்போவது கீபோர்டின் இடது கையால். கீபோர்ட் வாசிப்பவர் இடது கையில் தாழ்ந்த ஆக்டேவில் கார்டின் அடிநோட்டை வாசித்தால், நீங்கள் பிடித்திருக்கும் சி-யோடு மோதி 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் கூழாகிவிடும். இடது கையை ஒரு ஆக்டேவ் மேலே ஏற்றச் சொல்லுங்கள், அல்லது அந்தப் பகுதிக்கு மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள். பியானோ வாசித்தபடி பாடும் ஒருவரோடு ஆண்டுக்கணக்கில் வாசித்த டீக்கன், இடது கை இருக்கும் இடத்தில் தான் விலகுவதையும் அது இல்லாத இடத்தில் தான் நிரப்புவதையும் எல்லா ஆல்பத்திலும் கேட்கலாம்.

நிறைய வாசிக்கும் டீக்கன்

குறைவாக வாசிப்பவர் என்று மட்டும் நினைத்துவிட்டால் அது அநியாயம். 1976-இன் ‘எ டே அட் த ரேசஸ்’ ஆல்பத்தில் ‘த மில்லியனேர் வால்ட்ஸ்’ கேளுங்கள். ஆரம்பப் பகுதியைப் பெரும்பாலும் பியானோவும் பேஸும்தான் சுமக்கின்றன. அங்கே பேஸ் இரண்டாவது குரல்போல் மேலேறிப் பாடுகிறது. 3/4 தாளத்தில் முதல் அடியை மட்டும் ஊன்றிவிட்டு, மற்ற இரண்டு அடிகளை மெட்டுக்குக் கொடுத்துவிடுகிறார். குயீன் பேஸில் எங்கள் கணிப்பில் மிகச் சிறந்தது இதுதான். முழுதாகக் கற்க மாதங்கள் ஆகும், முதலில் காதால் கேட்டுப் பாடிப் பழகினால் போதும்.

விரலுக்கு உடனே கைகூடக்கூடியது 1978-இன் ‘டோன்ட் ஸ்டாப் மீ நவ்’. இதில் தனி வாசிப்பு வரும் வரை கிட்டார் ஏறக்குறைய ஒதுங்கியே இருக்கிறது. பியானோ, பேஸ், டிரம்ஸ் மூன்றுமே பாட்டை ஓட்டுகின்றன. எஃப் மேஜர், வேகம் சுமார் 156. சரணத்தின் கார்டு வரிசை எஃப், ஏ மைனர், டி மைனர், ஜி மைனர், சி.

முதல் நாள் அடிநோட்டு மட்டும், 80 வேகத்தில், ஓர் அடிக்கு இரண்டு நோட்டாக: எஃப் ஈ தந்தி 1-ஆம் ஃப்ரெட், ஏ ஈ தந்தி 5-ஆம் ஃப்ரெட், டி ஏ தந்தி 5-ஆம் ஃப்ரெட், ஜி ஈ தந்தி 3-ஆம் ஃப்ரெட், சி ஏ தந்தி 3-ஆம் ஃப்ரெட். அடுத்து, ஒவ்வொரு கார்டும் மாறுவதற்கு முந்தைய கடைசி நோட்டை மட்டும் மாற்றுங்கள்: போகப்போகும் நோட்டுக்கு ஒரு ஃப்ரெட் கீழே உள்ளதை வாசியுங்கள். ஏ-க்கு முன் ஜி ஷார்ப், டி-க்கு முன் சி ஷார்ப், ஜி-க்கு முன் எஃப் ஷார்ப், சி-க்கு முன் பி. இந்த ஒரு நோட் கூடியதுமே வரி முன்னால் இழுக்கத் தொடங்கும். மூன்றாவதாக, அந்த ஒரு ஃப்ரெட் கீழ் நோட்டை எல்லா இடத்திலும் போடாமல் இரண்டில் மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் எஃப் மேஜர் ஸ்கேலின் நோட்டுகளால் நடங்கள்: எஃப்-லிருந்து ஏ-க்கு ஜி வழியாக, ஏ-விலிருந்து டி-க்கு பி ஃபிளாட், சி வழியாக. இப்படி நீங்களே கட்டிய வரியை அசல் பதிவோடு ஒப்பிட்டால், டீக்கன் எங்கே நடந்தார், எங்கே நின்றார், ஏன் என்று கேள்வியும் பதிலும் சேர்ந்தே வரும்.

156 வேகத்தில் வலது கை களைத்து முன்கை இறுகினால் நீங்கள் தேவைக்கு மேல் பலமாக மீட்டுகிறீர்கள். ஆம்ப் ஒலியை ஏற்றி விரல் பலத்தைக் குறையுங்கள். வலி வந்தால் நிறுத்திவிடுங்கள், வலியோடு பழகிய வேகம் நிலைக்காது.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். மெர்க்குரி காலத்து மேடைகளில் குயீனுக்குப் பெரும்பாலும் இரண்டாவது ரிதம் கிட்டார் இருந்ததில்லை. மே தனி வாசிப்புக்குள் போனதும் பல இடங்களில் கார்டைத் தாங்க யாரும் இருக்கமாட்டார்கள், மெர்க்குரி பியானோவில் இருந்தால் தவிர. மேடைப் பதிவுகளில் அந்த இடங்களைத் தேடிக் கேளுங்கள். மூவர் குழுவில் பேஸ் வாசிப்பவர்கள் கற்க வேண்டியது அங்கே இருக்கிறது.

வீட்டில் பதிவு செய்யும்போது

பேஸை நேரடியாக ஆடியோ இன்டர்ஃபேஸின் (ஒலியைக் கணினிக்குக் கொண்டுபோகும் பெட்டி) இன்ஸ்ட்ருமென்ட் உள்ளீட்டில் செருகுங்கள். மைக் உள்ளீட்டிலோ லைன் உள்ளீட்டிலோ செருகினால் ஒலி மெலிந்து மேல் அதிர்வுகள் செத்துவிடும். மிகப் பலமாக மீட்டும்போதும் மீட்டர் மைனஸ் 10 டெசிபலைத் தாண்ட வேண்டாம்.

30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், அங்கே விரல் தட்டும் அதிர்வைத் தவிர ஒன்றும் இல்லை. பலமான ஒலியை அடக்கும் கம்ப்ரசர் 4-க்கு 1 விகிதம், அட்டாக் (அடக்கத் தொடங்கும் நேரம்) 20 முதல் 30 மில்லிசெகண்ட், ரிலீஸ் (அடக்குவதை விடும் நேரம்) 100 மில்லிசெகண்ட் அளவில். 4 முதல் 6 டெசிபல் வரை அடங்கினால் போதும். அட்டாக்கை 5-க்குக் கீழே வைத்தால் நோட்டின் முனை மழுங்கி ரிஃப்பின் துடிப்பு போய்விடும். ரிலீஸ் நீண்டுவிட்டால் மௌனத்துக்குப் பிறகு வரும் முதல் நோட் அமுங்கி ஒலிக்கும். இந்த வகை ரிஃப்புக்கு இரண்டுமே கேடு.

கிக் டிரம் 60 ஹெர்ட்ஸ் பக்கம் பலமாக இருந்தால் பேஸில் அதே இடத்தை 2, 3 டெசிபல் தாழ்த்தி, 90 முதல் 100 வரை அந்த அளவு ஏற்றுங்கள். மொபைலில் கேட்பவர்களுக்கும் வரி தெரிய 700 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை சற்றே தூக்கலாம். கையில் மௌனம் சரியாக விழவில்லையென்றால் மெல்லிய ஒலியைத் தானாக வெட்டும் நாய்ஸ் கேட் வைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அது நோட்டின் வாலை எந்திரத்தனமாக அறுக்கும். மறுபடி வாசித்துப் பதிவு செய்வதே வேகமான வழி. பிரிட்ஜுக்கு (பேஸின் உடலில் தந்திகள் முடியும் இடம்) அருகே தந்திகளுக்கு அடியில் ஒரு சென்டிமீட்டர் அகல ஸ்பான்ஜ் துண்டைச் செருகினால் ஒலி தானாகச் சீக்கிரம் அடங்கும், திறந்த ஈ-க்கு நல்ல துணை. தந்தியை மேலே தள்ளும் அளவுக்குத் தடித்த துண்டு வேண்டாம், சுருதி கலையும்.

அவர் செய்த ஆம்ப்

டீக்கன் லண்டன் செல்சி கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்து முதல் வகுப்பில் தேறியவர். 1972 வாக்கில், குப்பைத் தொட்டியில் கிடைத்த ஒரு சர்க்யூட் போர்டை எடுத்து, சின்ன ஸ்பீக்கர் பெட்டிக்குள் வைத்து ஓர் ஆம்ப் செய்தார். ‘டீக்கி ஆம்ப்’ என்று பெயர் பெற்ற அதில் ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ ஒரு குமிழும் கிடையாது. 9 வோல்ட் பாட்டரியில் ஓடும், உள்ளே ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள். பிரையன் மே தன் கிட்டாரை ட்ரெபிள் பூஸ்டர் (மேல் அதிர்வுகளைத் தூக்கும் சின்னக் கருவி) வழியாக இதில் செருகி, அடுக்கடுக்காகப் பதிவு செய்துதான் ‘குட் கம்பெனி’ பாட்டில் கிளாரினெட், டிரம்பெட், டிராம்போன் சேர்ந்த ஜாஸ் குழுபோல் ஒலிக்கவைத்தார். ‘மேயின் கிட்டார் ஆர்க்கெஸ்ட்ரா’ என்று கொண்டாடப்படும் ஒலியின் ஒரு பாதி பேஸ் கிட்டாரிஸ்டின் கைவேலை.

அந்தப் போக்கில் ஓர் ஒலி வேண்டுமென்றால் பாட்டரியில் ஓடும் 1 வாட்டுக்குக் குறைவான சின்ன ஆம்ப், அதன் முன்னால் ஒரு ட்ரெபிள் பூஸ்டர். ஆம்பை முழு ஒலியில் வைத்துவிட்டு, சிதைவின் அளவைக் கிட்டாரின் வால்யூம் குமிழால் கட்டுப்படுத்துங்கள். மைக்கை ஸ்பீக்கரிலிருந்து 5 முதல் 10 சென்டிமீட்டரில் வையுங்கள். கார்டாக வாசிக்கக் கூடாது, கூழாகும். கார்டின் ஒவ்வொரு நோட்டையும் தனித்தனி டிராக்கில் ஒற்றை வரியாக வாசித்து அடுக்குங்கள். டிராம்போனுக்கு அடுத்த நோட்டுக்கு வழுக்கிக்கொண்டு போங்கள், டிரம்பெட்டுக்கு வால்யூம் குமிழை மூடி வைத்து மீட்டிய கணத்தில் திறங்கள்.

ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் உள்ள பூஸ்டரை நீங்களே சால்டர் செய்து கட்டினால் ஒன்றைக் கவனியுங்கள்: பி.என்.பி வகை டிரான்சிஸ்டர் கொண்ட பழைய வடிவங்களில் பெரும்பாலும் பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் கிரவுண்ட். அதை மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் கோத்தால் ஷார்ட் ஆகும். அதற்கென்று தனி 9 வோல்ட் பாட்டரி வையுங்கள். சால்டர் வைக்கும்போது டிரான்சிஸ்டர் காலை இடுக்கியால் பிடித்துக்கொள்ளுங்கள், ஜெர்மானியத்துக்குச் சூடு ஆகாது. பாட்டரி தீரத் தொடங்கும்போது ஒலி மேலும் நொறுங்கும். சிலருக்கு அது பிடிக்கவும் பிடிக்கும், ஆனால் பல டிராக் அடுக்கும் நாளில் பாதியில் ஒலி மாறினால் முதல் டிராக்கோடு கடைசி டிராக் சேராது. புதுப் பாட்டரி போட்டுத் தொடங்குங்கள்.